படகில் துப்பாக்கியோடு கனடா பக்கம் போகிறீர்களா? கிளம்பும் முன் படியுங்கள்

டெட்ராய்ட் ஆறு, செயின்ட் கிளேர் ஏரி, ஈரி ஏரி, ஆயிரம் தீவுகள். அமெரிக்காவையும் கனடாவையும் பிரிக்கும் இந்தத் தண்ணீரில் எல்லை எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேலி இல்லை, செக்போஸ்ட் இல்லை. ஜிபிஎஸ் திரையில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். அதைத் தாண்டிய நிமிஷம் உங்கள் படகில் இருக்கும் துப்பாக்கிக்குக் கனடா சட்டம் வந்துவிடுகிறது. மிச்சிகன், ஓஹையோ, நியூயார்க் என்று எந்த மாநிலம் கொடுத்த பெர்மிட்டாக இருந்தாலும் அங்கே செல்லாது.

கோடை வந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் டொரன்டோ பக்கம் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிறார்கள். சிலர் நண்பரின் படகில் ஏரி வழியாகவே வந்துவிடுகிறார்கள். அவர்களில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். யாரும் கடத்தல்காரர் இல்லை. மறந்தவர்கள், தெரியாதவர்கள், "கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்" என்று நினைத்தவர்கள். சட்டம் இந்த மூன்று பேரையும் பிரித்துப் பார்ப்பதற்குள் பணமும் நிம்மதியும் போய்விடுகிறது.

முதலில் கைத்துப்பாக்கி. அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தனிநபர்கள் கைத்துப்பாக்கி கொண்டுவருவதைக் கனடா 2022 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது. அதே வருஷம் அக்டோபர் 21 முதல் உள்நாட்டில் வாங்குவதும் விற்பதும்கூட முடக்கப்பட்டன. விதிவிலக்கு உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது. ஏஆர்-15 மாதிரியான ரைஃபிள்களும் அப்படித்தான். 2020 மே 1 அன்று 1,500க்கும் மேற்பட்ட மாடல்களைத் தடை செய்தார்கள். 2024 டிசம்பரில் இன்னொரு 324, 2025 மார்ச்சில் இன்னொரு 179. போன வருஷம் அனுமதித்த துப்பாக்கி இந்த வருஷம் தடைப் பட்டியலில் இருக்கலாம். "போன தடவை இதோடுதானே வந்தேன்" என்ற வாதம் எடுபடாது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் உங்கள் மாடல் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது சாதாரண வேட்டை ரைஃபிளும் ஷாட்கன்னும். அதற்கும் சரியான காரணம் வேண்டும். வேட்டைப் பருவத்தில் வேட்டை, சுடும் போட்டி, கனடா வழியாக வேறு இடத்துக்குப் போவது, ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுப் பகுதியில் விலங்குகளிடமிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை ஏற்றுக்கொள்வார்கள். மனிதர்களிடமிருந்து தற்காப்பு என்பதை ஏற்க மாட்டார்கள். அமெரிக்காவில் பழகியவர்கள் வாயில் முதலில் வருவதே இந்த பதில்தான். டொரன்டோ துறைமுகத்துக்கு வரும் படகில் இருந்துகொண்டு கரடியைக் காரணம் காட்டினாலும் நடக்காது. வேட்டைக்கு என்றால் வேட்டை லைசென்ஸும் போகும் இடத்தின் விவரமும் கையில் இருக்க வேண்டும். தானியங்கியாக அடுத்த தோட்டா ஏறும் சென்டர்ஃபயர் (தோட்டாவின் பின்புற நடுவில் அடித்து வெடிக்கும் வகை) ரைஃபிளின் மேகசின், அதாவது தோட்டா அடைக்கும் பெட்டி, 5 தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. துப்பாக்கி சட்டப்படி சரியாக இருந்து மேகசினால் மாட்டியவர்கள் உண்டு.

சரி, துப்பாக்கியைக் கொண்டுவர நிரப்ப வேண்டிய ஃபார்ம். பெயர் வெளிநாட்டவர் துப்பாக்கி அறிவிப்பு, எண் ஆர்சிஎம்பி 5589 (ஆர்சிஎம்பி என்பது கனடாவின் மத்திய காவல்துறை). கட்டணம் 25 கனடா டாலர், எத்தனை துப்பாக்கி இருந்தாலும் அதே தொகை. 60 நாளுக்குச் செல்லும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மூன்று துப்பாக்கிக்கு மேல் என்றால் 5590 என்று ஒரு கூடுதல் தாள். வீட்டிலேயே முழுதும் நிரப்பி, கூடுதல் நகல்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். எல்லை அதிகாரியின் கண் முன்னால்தான் கையெழுத்து போட வேண்டும். பொறுப்பாக முதல் நாள் இரவே கையெழுத்திட்டு வந்தவர்களை மறுபடி முதலிலிருந்து எழுத வைக்கிறார்கள்.

காரில் வருகிறவருக்கு இது சுலபம். கூண்டுக்குள் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். படகில் வருகிறவருக்கு அதிகாரி எங்கே? பல மரினாக்களில் (படகுத்துறைகளில்) மரப்பாலத்தின் ஓரம் ஒரு பலகை, அதில் 1-888-226-7277 என்று ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான் கஸ்டம்ஸ். அறிவிக்கப்பட்ட இடத்தில் படகைக் கட்டி, ஓட்டுபவர் மட்டும் இறங்கி போன் போட வேண்டும். அனுமதி வரும்வரை மற்ற எல்லோரும் படகிலேயே இருக்க வேண்டும். குழந்தை பாத்ரூம் போக அழுதாலும் இறங்கக்கூடாது.

அதிகாரி முன்னால் கையெழுத்து என்பது விதி. அதிகாரி இல்லாத இடத்தில் படகைக் கட்டச் சொல்வதும் விதி. இரண்டையும் பொருத்துகிற வேலை உங்கள் தலையில் விழுகிறது. ஃபார்ம் ஆர்சிஎம்பியுடையது, அவர்களைக் கேட்டால் கையெழுத்துக்கு எல்லை அதிகாரிகளின் துறையான கனடா எல்லைச் சேவையைக் கேளுங்கள் என்பார்கள். எல்லைச் சேவையைக் கேட்டால் துப்பாக்கியின் வகையைப் பற்றி ஆர்சிஎம்பியைக் கேளுங்கள் என்பார்கள். 60 நாளை நீட்டிக்க மாகாணத் துப்பாக்கி அதிகாரி, அது மூன்றாவது அலுவலகம். அதனால் கிளம்புவதற்குச் சில நாள் முன்னாலேயே எல்லைச் சேவைக்கு போன் செய்து, "படகில் வருகிறேன், துப்பாக்கி இருக்கிறது, அதிகாரி நேரில் வரக்கூடிய இடம் எது" என்று கேளுங்கள். பேசியவர் பெயர், நேரம், சொன்ன பதில் மூன்றையும் எழுதி வையுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் துப்பாக்கியைப் படகில் ஏற்றாதீர்கள். பாலம் வழியாகக் காரில் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

வந்து சேர்ந்ததும் போனில் சொல்ல வேண்டிய முதல் விஷயம் துப்பாக்கிதான். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே முன்வந்து சொன்ன துப்பாக்கிக்குக் காகிதம் சரியில்லை என்றால், திருப்பிக் கொண்டுபோக வாய்ப்பாவது உண்டு. சொல்லாமல் இருந்து அவர்கள் கண்டெடுத்தால் அது கடத்தல் கணக்கில் போகும். தெரிந்தே செய்தால் அதிகபட்ச தண்டனை 14 ஆண்டு. துப்பாக்கியோடு படகையும் பிடித்து வைக்கலாம். பேச்சு முடிந்ததும் கொடுக்கும் ரிப்போர்ட் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அறிவித்ததற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

"கரையில் இறங்கவே மாட்டோம், சும்மா சுற்றிவிட்டுத் திரும்புவோம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017ல் சட்டம் மாறியது உண்மை. கரையில் இறங்காமல், நங்கூரம் போடாமல், படகைக் கட்டாமல், வேறு படகோடு தொடர்பு வைக்காமல் திரும்பினால் போன் செய்து அறிவிக்கத் தேவையில்லை. அது அறிவிப்புக்கான சலுகை மட்டும்தான். துப்பாக்கிச் சட்டத்துக்குச் சலுகை கொடுக்கவில்லை. மீன் பிடிக்க அரை மணி நேரம் நங்கூரம் போட்டால் அந்தச் சலுகையும் போயிற்று.

துப்பாக்கியே இல்லாதவர்களும் மாட்டுகிறார்கள். ஒரு மீன்பிடிப் பெட்டியின் அடித்தட்டை அதிகாரி தூக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளுக்கும் துருப்பிடித்த தூண்டில் முட்களுக்கும் நடுவே நான்கைந்து பித்தளைத் தோட்டாக்கள் உருண்டன. எப்போதோ ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போன பையிலிருந்து வந்தவை. துப்பாக்கி வீட்டு லாக்கரில். ஆனாலும் அந்தக் குடும்பத்தின் நாள் முழுதும் அங்கேயே போனது. பெண்கள் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கும் பெப்பர் ஸ்ப்ரே, மனிதர்கள் மேல் அடிப்பதற்காகச் செய்ததென்றால், கனடாவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். மின் அதிர்ச்சி கொடுக்கும், கைக்கு அடக்கமான ஸ்டன் கன்னும் அப்படியே. கிளம்பும் முன் கைப்பை, டிராயர், இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள்.

அப்புறம், அமெரிக்காவில் ஹெச்-1பி (வேலை), ஹெச்-4 (அவர்கள் குடும்பம்), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உங்களுக்குச் சிக்கல் கனடாவில் தொடங்கவில்லை, அமெரிக்கக் கரையிலேயே தொடங்குகிறது. இந்த விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். அதிகபட்சம் 15 ஆண்டு சிறை. காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. படகு நண்பருடையது, துப்பாக்கியும் நண்பருடையது என்றாலும், அவர் கொடுத்து நீங்கள் கையில் வாங்கினால் "வைத்திருந்தார்" என்று வழக்குப் போட இடம் இருக்கிறது. துப்பாக்கி வழக்கில் தண்டனை வந்தால் நாடு கடத்தவும் அது போதும். வேட்டை லைசென்ஸ் இருந்தாலும் எல்லை தாண்டிப் போய்த் திரும்பக் கொண்டுவருவதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆகவே விசாவில் இருப்பவர் துப்பாக்கி உள்ள படகில் எல்லை தாண்ட வேண்டாம். நண்பர் வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும்.

குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் கிளம்பும் முன் அமெரிக்க கஸ்டம்ஸில் துப்பாக்கியைக் காட்டி, 4457 என்ற ஃபார்மில் சீரியல் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். திரும்பும்போது இது உங்களுடைய பழைய துப்பாக்கிதான் என்று நிரூபிக்க அது உதவும்.

கனடாவில் பறிமுதல் நடந்துவிட்டால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். என்ன எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். எதிர்த்து மனு கொடுக்கப் பறிமுதல் நடந்த நாளிலிருந்து 90 நாள் இருக்கிறது. எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். "பேசி முடித்துத் தருகிறோம்" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னாலும் அந்த 90 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் வாரமே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து மனுவை அனுப்பிவிடுங்கள்.