சிபியு 9 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம்

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு போனாள். மூன்றே வாரத்தில் போன் வந்தது. "மாமா, இது ஆன் ஆகறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சுட்டு வந்துடலாம். புதுசு வேணும். நாற்பதாயிரத்துக்கு மேல ஒரு ரூபா கிடையாதுன்னு அப்பா சொல்லிட்டார். எந்த பிராசஸர் வாங்கணும்?"

லேப்டாப் வாங்கப் போகிற யாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கடைக்காரரும் அங்கேதான் தொடங்குவார். பதில் சொல்லாமல், லீவுக்கு வரும்போது அந்தப் பழைய பெட்டியைக் கொண்டுவா என்றேன். வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். அதுவே திறக்க அரை நிமிடம் எடுத்தது. பிரவுசர் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்கிறது. ஆனால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று அங்கே காட்டிய எண்கள் இவை: சிபியு, அதாவது பிராசஸர், 9 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம்.

அதாவது எந்தப் பிராசஸரை மாற்ற வேண்டும் என்று அவள் துடித்தாளோ, அது கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூச்சு முட்டிக்கொண்டிருப்பது ஃபைல்களையெல்லாம் சேமித்து வைக்கிற ஹார்ட் டிஸ்க்.

இந்தக் காத்திருப்பின் அளவு புரிய ஒரு கணக்குப் போடலாம். பிராசஸர் வேலை செய்கிற வேகத்தை நானோ விநாடியில் சொல்வார்கள். ஒரு விநாடியை நூறு கோடி துண்டாக்கினால் வருவது ஒரு நானோ விநாடி. நம் வசதிக்கு, ஒரு நானோ விநாடியை ஒரு முழு விநாடியாக நீட்டிக்கொள்வோம். பிராசஸர் என்பவர் அடுப்படியில் நிற்கிற சமையல்காரர். கைக்கெட்டும் இடத்தில் அஞ்சறைப் பெட்டி. அதுதான் சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம். கடுகு வேண்டுமென்றால் ஒன்றிரண்டு விநாடி. அஞ்சறைப் பெட்டியில் இல்லாததை உள்ளறை அலமாரியில் போய் எடுக்க வேண்டும், அது ராம். சுமார் 100 நானோ விநாடி, நம் கணக்கில் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பரவாயில்லை, அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் போய் வரலாம்.

அலமாரியிலும் இல்லை என்றால்? எஸ்எஸ்டியிலிருந்து, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் கிடங்கிலிருந்து, வர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 100 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு லட்சம் நானோ விநாடி, நம் கணக்கில் ஒரு முழு நாளுக்கும் மேல். டவுனுக்குச் சொல்லியனுப்பி மறுநாள் சரக்கு வருகிற மாதிரி. இதுவே ஹார்ட் டிஸ்க் என்றால்? லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகரவும் நேரம் வேண்டும். எல்லாம் சேர்ந்து 15 மில்லி விநாடி, அதாவது ஒன்றரைக் கோடி நானோ விநாடி. நம் கணக்கில் அது 170 நாளைத் தாண்டுகிறது. சமையல்காரர் அரிசி கேட்டால், சம்பா விதைத்து, அறுத்து, குத்திக் கொண்டுவந்து கொடுக்கிற காலம்!

இந்தச் சமையல்காரரை நீக்கிவிட்டு இருமடங்கு வேகமாக நறுக்குகிறவரைச் சம்பளம் கூடக் கொடுத்து வைத்தால் என்ன ஆகும்? அவரும் ஆறு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பழைய பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே அளவுள்ள, அதே இணைப்பில் பொருந்துகிற இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். முன்பு ஆன் ஆக நான்கு நிமிடம் எடுத்த பெட்டி அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. அதே பிராசஸர்தான். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் இருக்கும். இறக்கித் துடைத்து ஒரு எஸ்எஸ்டியும், விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸும் போட்டால் தம்பி தங்கைக்குத் தட்டச்சு பழகவாவது ஆகும்.

சரி, புதுப் பெட்டிக்கு வருவோம். இப்போது வருகிற புதிய லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் அநேகமாக ஒழிந்துவிட்டது. அதன் இடத்தில் ஒரு புதுக் கண்ணி இருக்கிறது. மிக மலிவான மாடல்களில் இஎம்எம்சி என்ற ஒன்றைப் போட்டு, '64 ஜிபி ஃபிளாஷ் ஸ்டோரேஜ்' என்று அழகாக எழுதியிருப்பார்கள். செல்போனில் இருந்த மெமரி சிப்பைப் போர்டில் ஒட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பாதையில் விநாடிக்கு அதிகபட்சம் 400 எம்பிதான் போகும். என்விஎம்இ என்கிற வேகமான வகை எஸ்எஸ்டியில் சாதாரணமானதே இரண்டாயிரம், மூன்றாயிரம் என்று போகும். போதாக்குறைக்கு விண்டோஸ் 11க்கே குறைந்தபட்சம் 64 ஜிபி வேண்டும். பெரிய அப்டேட் ஒன்று வந்தால் படம் வைக்கக்கூட இடம் இருக்காது. கழற்றி மாற்றவும் முடியாது. இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

அடுத்தது ராம். அலமாரி நிரம்பிவிட்டால் விண்டோஸ் என்ன செய்யும் தெரியுமா? அப்போதைக்குத் தேவையில்லாததை மூட்டை கட்டி டவுன் கிடங்குக்கு, அதாவது எஸ்எஸ்டிக்கு, அனுப்பிவிடும். திரும்பக் கேட்டால் மறுபடி ஒரு நாள் பயணம். பிரவுசரில் இருபது டேப் திறந்துவைத்துவிட்டுப் பழைய டேப்பைத் தொட்டால் ஒரு கணம் வெள்ளையாக முழிக்கிறதே, பல சமயம் காரணம் இதுதான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் இந்த அலமாரியிலேயே ஒரு தட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 8 ஜிபி என்று வாங்கினால் முழு 8 நமக்குக் கிடைக்காது. இன்றைக்கு 8 என்பது சமாளிப்பு, 16 என்பது நிம்மதி.

2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை எகிறிக்கிடக்கிறது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை ஜிபி?" மட்டும் போதாது. "ராம் போர்டோடு சால்டர் பண்ணி ஒட்டினதா, கழற்றி மாட்டுகிற ஸ்லாட்டா? ஸ்லாட் என்றால் ஒன்று காலியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். காலி ஸ்லாட் இருந்தால் இப்போது 8, அடுத்த வருடம் இன்னொரு 8. இரண்டு ராம் பலகை இருந்தால் இன்னொரு லாபம்: பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவே ஒரு கதவுக்குப் பதில் இரண்டு கதவு திறக்கும். டிடிஆர்4-3200 வகையில் ஒரு கதவு வழியாக விநாடிக்கு 25.6 ஜிபி போகும், இரண்டு என்றால் 51.2. கணக்குப் பார்க்கும் பிராசஸரைவிட, படம் வரையும் உள் கிராஃபிக்ஸுக்குத்தான் இது அதிகம் உதவும்.

இனி பிராசஸர். கடைசியில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்ப்போம். ஆனால் பெயர் வைப்பதில் நடக்கிற கூத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கடையில் எங்கள் தலையில் கட்டப் பார்த்தது அதைத்தான்.

ஒரே விலையில் இரண்டு பெட்டி. ஒன்றில் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யூ பிராசஸர், இன்னொன்றில் இன்டெல் கம்பெனியின் ஐ3-1215யூ. விற்பனைப் பையன், "சார், இது ஃபைவ், அது த்ரீ. இது செவன் தவுசண்ட் சீரிஸ். யோசிக்கவே வேணாம்" என்றான். எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது. ஏஎம்டியின் அந்த நான்கு இலக்கப் பெயரில் முதல் இலக்கம் மாடல் ஆண்டைக் குறிக்கும். 7 என்றால் 2023. உண்மையான வயது மூன்றாவது இலக்கத்தில் ஒளிந்திருக்கிறது. 7520இல் அது 2. அதாவது உள்ளே இருக்கும் கோர், கணக்குப் போடுகிற மூளை, ஜென் 2 வகை; 2019இல் முதலில் வந்த வடிவமைப்பு. 7530யூ என்றால் ஜென் 3, 7540யூ என்றால் ஜென் 4. பத்துப் பத்தாக ஏறுகிற எண் மாதிரி தெரியும்; உள்ளே ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை. மேலும் 7520யூவோடு வரும் ராம் சால்டர் செய்யப்பட்டது, கூட்ட முடியாது. அந்த 'சின்ன' ஐ3யோ 2022இல் வந்த 12ஆம் தலைமுறை, இரண்டு பெரிய கோர், நான்கு சின்ன கோர். வேர்டு, பிரவுசர், கொஞ்சம் பைத்தான் புரோகிராமிங் என்று அவளுடைய வேலைக்கு அதுதான் வேகம்.

இன்டெலும் சளைத்ததல்ல. 2023 கடைசியில் 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டு கோர் அல்ட்ரா என்று புதுப் பெயர் வைத்தார்கள். அடுத்த மாதமே 'அல்ட்ரா' இல்லாமல் கோர் 3 100யூ போன்ற சிப்புகள் வந்தன. அவை 13ஆம் தலைமுறையின் அதே உடம்பு, புதுச் சட்டை. கெட்ட சரக்கு இல்லை, புதிது என்று நினைத்து அதிகக் காசு கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெட்டியில் '4.4 கிகாஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருக்கும். அந்த 'வரை'யில்தான் விஷயம் இருக்கிறது. சிப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்சாரமோ, வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருகிற அளவுக்கு ஏறும். வேகம் கால்வாசி கூடினால் சூடு கால்வாசியோடு நிற்காது, இருமடங்கை நோக்கி ஓடும். அந்த ஐ3யின் நிதான அளவு 15 வாட். உச்சத்தில் 55 வாட் வரை இழுக்கும். அத்தனை சூட்டை ஒரு மெல்லிய செப்புக் குழாயும் உள்ளங்கை அகல விசிறியும் எவ்வளவு நேரம் வெளியேற்றும்? சில பத்து விநாடிக்குப் பிறகு சிப் தானாக நிதானத்துக்கு இறங்கிவிடும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தை வைத்து ஒருவர் ஊருக்கு எத்தனை மணிக்கு நடந்து சேருவார் என்று சொல்ல முடியாதல்லவா? ஒரே பிராசஸர் ஒல்லியான உடம்பில் மெதுவாகவும், கொஞ்சம் தடித்த, காற்றுப் போக வழியுள்ள உடம்பில் வேகமாகவும் ஓடுவது இதனால்தான். பட்ஜெட் வாங்குபவருக்கு ஒல்லி அழகு தேவையில்லாத செலவு என்பது என் கட்சி.

திரை விஷயத்தில் எண்ணைவிடக் கண்ணை நம்புங்கள். கடையில் லேப்டாப்பைப் பின்னால் சாய்த்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். நிறம் வெளுத்துப்போனாலோ கறுப்பு வெள்ளையாகப் புரண்டாலோ அது டிஎன் வகை. அதில் திரவப் படிகங்கள் சுழல் படிக்கட்டு மாதிரி முறுக்கி நிற்கும். மின்சாரம் பட்டதும் கண்ணாடிக்குச் செங்குத்தாக எழும். சாய்ந்து வரும் ஒளிக்கு அவை வேறு கோணத்தில் தெரிவதால் நிறம் பிசகும். ஐபிஎஸ் வகையில் படிகங்கள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே திரும்பும், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற தோழிக்கும் அதே நிறம். இதிலும் மலிவானவற்றில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்றிருக்கும். 1953இல் அமெரிக்கக் கலர் டிவிக்கு வகுத்த நிறப் பரப்பில் பாதிகூட இல்லை என்று பொருள். இணையத்தில் நாம் பார்க்கும் படங்களுக்குச் சுமார் 72 வேண்டும். குங்குமச் சிவப்பு செங்கல் சிவப்பாகத் தெரியும். கட்டுரை எழுதுகிறவருக்குப் பாதகமில்லை. போட்டோ, டிசைன் என்று போகிறவர் ஒத்துக்கொள்ளக் கூடாது.

பேட்டரியில் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) கணக்கு வேண்டாம், செல்லின் எண்ணிக்கை மாறினால் மின்னழுத்தமும் மாறிவிடும். வாட்-மணி என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 42 வாட்-மணி பேட்டரி, இழுப்பது 7 வாட் என்றால் ஆறு மணி நேரம். வெளிச்சத்தை முழுக்க வைத்து வீடியோ காலில் உட்கார்ந்தால் அதுவே மூன்றாகும்.

நாற்பதாயிரமும் இல்லை, இருபதுதான் என்றால்? அப்போது சென்னை ரிச்சி தெருப் பக்கம் போக வேண்டும். கம்பெனிகள் மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகை ஆபீஸ் லேப்டாப்கள் அங்கே அடுக்கிக் கிடக்கும். புதிதாக விற்றபோது அவை விலை உயர்ந்த பெட்டிகள். கீபோர்டும் கீலும் இன்றைய மலிவு லேப்டாப்பைவிட உறுதி. கழற்றுவதும் எளிது. ஒரு கோடு மட்டும் மனதில் இருக்கட்டும்: இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். 2017இல் வந்த அந்தத் தலைமுறையில்தான் இந்த வகை ஐ5 இரண்டு கோரிலிருந்து நான்கு கோருக்குத் தாவியது, ஐ5-7200யூவுக்கு அடுத்து ஐ5-8250யூ. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதும் அங்கிருந்துதான், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. காசு கொடுக்கும் முன் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிசைன் கெப்பாசிட்டி 50000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 26000 என்று வந்தால் பேட்டரி பாதி செத்துவிட்டது. புது பேட்டரிக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

நாங்கள் அந்த ஐ3யையே எடுத்தோம். 8 ஜிபியோடு வந்தது. ஸ்லாட் காலி என்று பையன் சொன்னதை நம்பாமல், டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்றிருந்தது. பக்கத்துக் கடையிலேயே இன்னொரு 8 வாங்கி, வாரண்டி போகாது என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு மாட்டச் சொன்னோம். பத்து நிமிட வேலை.

அக்கா மகளுக்கு ஒரே ஒரு குறைதான். அவள் ஆசைப்பட்ட ரோஸ் நிறம் அந்த ரைசனில்தான் இருந்ததாம். ஐம்பது ரூபாய்க்கு ஸ்டிக்கர் வாங்கி மூடியை நிரப்பிவிட்டாள்.