போக்கரில் துரதிர்ஷ்டம் யாரைத் தேடி வருகிறது?

கையில் ஒரு ஜோடி ஏஸ், எதிராளியிடம் ஒரு ஜோடி ராஜா, மேசையில் இருவருக்கும் பொதுவாக விழும் ஐந்து சீட்டில் ஒன்றுகூட விழும் முன்பே இருவரும் இருந்த காசையெல்லாம் நடுவில் தள்ளியாயிற்று. நான்கு சீட்டு விழுகிறது, ராஜாவைக் காணோம். ஐந்தாவதாக வந்து உட்காருகிறது ராஜா. இனி ராஜா ஒன்றுதான் காப்பாற்றும் என்ற நிலையில், தெரியாத 44 சீட்டில் அது இரண்டே இரண்டு, அதாவது 22-க்கு 1. ஏஸ்காரர் வருவோர் போவோரிடமெல்லாம் இந்த 22-ஐத்தான் சொல்லிப் புலம்புவார்.

ஆனால் கணக்கை ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுவல்ல. காசு உள்ளே போனபோது ஏஸ் ஜோடி வெல்ல இருந்த வாய்ப்பு சுமார் 82%. அப்படியானால் ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை தோற்கத்தான் வேண்டும். முதல் சீட்டிலேயே ராஜா விழுந்திருந்தாலும் நஷ்டம் அதேதான், வயிற்றெரிச்சல் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும். 80% சாதகமான ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று முறை தோற்பதுகூட 125-க்கு 1. நிறைய ஆடுகிறவருக்கு அது வராமல் போனால்தான் ஆச்சரியம்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதே இல்லை. ‘பேட் பீட்’ (வெல்லும் நிலையில் இருந்தும் கடைசியில் விழும் சீட்டால் தோற்பது) வாங்க வேண்டுமென்றால் முதலில் நீங்கள் முன்னிலையில் இருந்திருக்க வேண்டும். மட்டமான சீட்டோடு காசைப் போட்டுவிட்டுக் கடைசிச் சீட்டை நம்பி ஓடுகிறவர் அதைக் கொடுப்பவர், வாங்குபவர் இல்லை. ஆக, நன்றாக ஆட ஆடப் புலம்பல் கதைகளும் கூடத்தான் செய்யும்! ஜெயித்த ஆட்டங்கள் ‘வர வேண்டியதுதானே வந்தது’ என்று மறந்துபோகின்றன. இழப்பு, அதே அளவு லாபத்தைவிட மனதில் கனமாகப் பதிகிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள்.

அப்புறம், ‘இவ்வளவு அடி வாங்கியாச்சு, இனி நல்ல சீட்டு வரும்’ என்ற நம்பிக்கை. 1913-இல் மான்டி கார்லோ சூதாட்டக் கூடத்தில் ரூலட் சக்கரம் தொடர்ந்து 26 முறை கறுப்பில் நின்றது, ‘இனி சிவப்புதான்’ என்று கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். நாணயத்தை 100 முறை சுண்டினால் தலை பாதியிலிருந்து 5 விலகுவது சாதாரணம், 10,000 முறை சுண்டினால் 50 விலகும். விலகல் பத்து மடங்காகியும் சதவீதத்தில் 5 என்பது 0.5 ஆகிவிட்டது. பழைய நஷ்டத்தை யாரும் திருப்பித் தருவதில்லை, அது பெரிய எண்ணிக்கையில் கரைகிறது, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு பெரிய எண்ணிக்கை? மேலே சொன்ன போக்கர் வகையான ஹோல்டமில் 100 கைக்கு (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) சராசரியாக 5 பெரிய பிளைண்ட் (சீட்டுப் போடும் முன்பே ஒருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை) ஜெயிக்கிற நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து முடிவு வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, 100 கைக்கு 90 பிளைண்ட் என்று வைத்தால் (வழக்கமான அளவுதான்), 10,000 கை ஆடி முடித்த பிறகும் அவர் நஷ்டத்தில் நிற்க ஏறக்குறைய 29% வாய்ப்பு இருக்கிறது. லட்சம் கைக்குப் பிறகும் 4%. நேரில் உட்கார்ந்து மணிக்கு 30 கை ஆடினால் லட்சத்தைத் தொட 3,300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு ராத்திரி ஆட்டத்தை வைத்துத் தன் திறமையை எடைபோடுகிறவரை என்ன சொல்வது!

இணைய ஆட்டத்தைப் பதிவு செய்யும் மென்பொருள்கள், ஆல்-இன் போன (இருந்த காசையெல்லாம் உள்ளே தள்ளிய) நொடியின் வாய்ப்பை வைத்து, வந்திருக்க வேண்டிய லாபத்தைத் தனிக் கோடாக வரைந்து காட்டும். உபயோகமானதுதான், ஆனால் முழுசாக நம்பிவிடாதீர்கள்: ஒன்பது பேர் மேசையில் உங்களிடம் ராஜா ஜோடி இருக்கும்போது வேறு யாரிடமாவது ஏஸ் ஜோடி இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 25-க்கு 1, அந்தத் துரதிர்ஷ்டத்தை இந்தக் கோடு உங்கள் மோசமான ஆட்டத்தின் கணக்கிலேயே எழுதிவைக்கும்.