செக்-இன் பெட்டியைப் பூட்டலாமா? விதிகள் சொல்வதும் பூட்டால் ஆவதும்

விமான நிலையக் கவுன்டரில் எடை போட்டு ஒப்படைக்கும் பெட்டியைப் பூட்டலாமா என்று கேட்டால், பூட்டலாம் என்பதே விடை. பூட்டக் கூடாது என்று பொதுவான சர்வதேச விதி ஏதும் இல்லை. பூட்டித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அந்தப் பூட்டைத் திறந்து பார்க்கவும், திறக்க இயலாதபோது உடைத்துப் பார்க்கவும் பாதுகாப்புச் சோதனையாளர்களுக்கு அதிகாரம் உண்டு. பெட்டி காணாமல் போனாலோ அதிலிருந்து பொருள் களவு போனாலோ இழப்பீடு கோரும் உரிமை வேறோர் உடன்படிக்கையில் இருக்கிறது. அந்த உடன்படிக்கையில் பூட்டு என்ற சொல்லே இடம்பெறவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் பூட்டு வாங்கப் போகிறவர்கள், பெரும்பாலும் பூட்டுக்கு வேண்டியதைவிட அதிகம் செலவழித்துவிட்டு, உண்மையில் செய்ய வேண்டிய காரியங்களை விட்டுவிடுகிறார்கள்.

பெட்டியை ஏன் திறக்கிறார்கள்?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் உடன்படிக்கையின் 17-ஆவது இணைப்பில் வகுத்துள்ள பாதுகாப்புத் தரத்தின்படி, 2006 ஜனவரி 1 முதல் சர்வதேச விமானங்களின் சரக்கறையில் ஏற்றப்படும் பயணிகளின் பெட்டிகள் அனைத்தும் சோதிக்கப்பட்டாக வேண்டும். சோதனைக்கு உட்பட்ட பெட்டியில் விமானம் புறப்படும் வரை பிறர் கை வைக்காதபடி காக்க வேண்டும் என்பதும் அதே இணைப்பில் உள்ள கடமைதான். அதாவது, பெட்டியைக் காக்கும் பொறுப்பு ஒப்படைத்த கணத்திலிருந்து பயணியின் கையை விட்டுப் போய்விடுகிறது.

சோதனை என்றதும் ஒவ்வொரு பெட்டியையும் மேசைமேல் வைத்துக் கிளறுகிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. கவுன்டருக்குப் பின்னால் கன்வேயரில் போகும் பெட்டிகளை எக்ஸ்-ரே கருவியோ சி.டி. ஸ்கேன் கருவியோ படம் எடுக்கிறது; படத்தில் ஐயம் எதுவும் இல்லாதவை திறக்கப்படாமலே விமானத்துக்குப் போய்விடுகின்றன. ஐயத்துக்கு இடம் தருபவை மட்டும் தனியே ஒதுக்கப்படுகின்றன. நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள், கட்டியான உணவுப் பொருள்கள், சிக்கலாகச் சுற்றிய ஒயர்கள் போன்றவை படத்தில் பிரித்தறிய முடியாதபடி தெரிவதால், குற்றமற்ற பெட்டியும் திறக்கப்படலாம். சில நாடுகளில் பயணியை அழைத்து அவர் எதிரிலேயே திறக்கச் சொல்கிறார்கள். சில நாடுகளில் அவர் இல்லாமலே திறக்கிறார்கள். பூட்டைப் பற்றிய குழப்பம் எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் எழுகிறது.

அமெரிக்க விதியும் பொதுச்சாவியும்

2001 நவம்பர் 19 அன்று அமெரிக்காவில் இயற்றப்பட்ட விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம், போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தை (சுருக்கமாக டி.எஸ்.ஏ.) உருவாக்கியதோடு, 2002 டிசம்பர் 31-க்குள் செக்-இன் பெட்டிகள் அனைத்தையும் சோதிக்கும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்கியது. பயணி அருகில் இல்லாத நிலையில் பூட்டிய பெட்டியைத் திறக்க வேண்டுமானால் பூட்டை வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கு மாற்றாகத்தான் 2003-இல் பொதுச்சாவி முறை வந்தது. டிராவல் சென்ட்ரி என்ற நிறுவனத்தின் சிவப்புச் சாய்சதுர முத்திரையோ, சேஃப் ஸ்கைஸ் நிறுவனத்தின் தீப்பந்த முத்திரையோ பொறித்த பூட்டுகளை டி.எஸ்.ஏ. தன்னிடம் உள்ள பொதுச்சாவியால் திறந்து, பார்த்துவிட்டு, மறுபடி பூட்டிவிட முடியும். அத்தகைய பூட்டின் சாவித் துளைக்கு அருகில் 'டி.எஸ்.ஏ.002', 'டி.எஸ்.ஏ.007' என்பது போன்ற குறியீடு இருக்கும். எந்தப் பொதுச்சாவி அதற்குப் பொருந்தும் என்பதைச் சோதனையாளருக்குச் சொல்லும் அடையாளம் அது. எண் பூட்டாக இருந்தாலும் அந்தத் துளை இருக்கும். அது பயணிக்கானது அல்ல என்பதால், துளை இருக்கிறதே, சாவியைக் காணோமே என்று தேட வேண்டியதில்லை.

இந்த வகைப் பூட்டைத்தான் போட வேண்டும் என்று அமெரிக்காவிலும் கட்டாயம் இல்லை. வேறு பூட்டு போட்டால், சோதிக்க வேண்டி வரும்போது அது உடைக்கப்படலாம், உடைந்த பூட்டுக்கு டி.எஸ்.ஏ. பொறுப்பேற்காது என்பதே விதி. பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே ஓர் அச்சிட்ட அறிவிப்புச் சீட்டை வைத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை என் பெட்டியைத் திறந்தபோது அந்தச் சீட்டு மடித்த சட்டையின்மேல் இருந்தது; அதன்மேல், வளையம் வெட்டுப்பட்ட என் பழைய பித்தளைப் பூட்டும் இருந்தது. வெட்டியதைத் தூக்கி எறியாமல் திருப்பித் தந்த நாணயத்தை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். அதன்பின் பொதுச்சாவியால் திறக்க முடியாத அத்தகைய பூட்டை நான் வாங்கவில்லை.

கனடா, ஜப்பான் உள்ளிட்ட வேறு சில நாடுகளும் இந்தப் பொதுச்சாவி முறையைப் பயன்படுத்துகின்றன. அது இல்லாத நாட்டில் முத்திரையுள்ள பூட்டும் மற்றப் பூட்டைப் போன்றதுதான்: ஒன்று உங்களைக் கூப்பிடுவார்கள், இல்லையேல் உடைப்பார்கள்.

பொதுச்சாவிப் பூட்டு சோதனையாளருக்கு வசதியானது. திருடனுக்கு அது பெரிய தடை அல்ல. பொதுச்சாவிகளின் ஒளிப்படம் ஒன்று நாளிதழில் வெளியாகி, அதைக் கொண்டு முப்பரிமாண அச்சில் அதே சாவிகளைச் செய்துகொள்ளும் வரைபடக் கோப்புகள் 2015-இல் இணையத்தில் பரவின. ஒரு சாவியை ஆயிரக்கணக்கானவர்களிடம் கொடுத்து வைத்தால் அது ரகசியமாக இருக்கும் என்று எதிர்பார்த்ததே வியப்பு. இதே டி.எஸ்.ஏ., செக்-இன் பெட்டியில் துப்பாக்கி கொண்டு செல்பவர் மட்டும் அதைக் கெட்டியான பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எது உண்மையான பூட்டு என்பதை விதியை எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

ஜிப்பும் பேனாவும்

பூட்டு எவ்வளவு உறுதியானது என்பதைவிட, அது எதில் தொங்குகிறது என்பதுதான் முக்கியம். வீட்டில் பயன்படாத பழைய பெட்டி இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். ஜிப்பின் இரண்டு ரன்னர்களையும் சேர்த்துப் பூட்டுங்கள். ஒரு பால்பாயின்ட் பேனாவின் முனையை ஜிப்பின் பற்கள் சேரும் கோட்டில் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள். பற்கள் பிரிந்து பேனா உள்ளே இறங்கும். அப்படியே பக்கவாட்டில் இழுத்தால் கை நுழையும் அளவுக்குப் பெட்டி திறந்துகொள்ளும். வேண்டியதை எடுத்த பிறகு, பூட்டு மாட்டிய நிலையிலேயே இரண்டு ரன்னர்களையும் ஒருசேரப் பிடித்து ஜிப் நெடுகிலும் ஓட்டினால் பற்கள் மறுபடி கோத்துக்கொள்ளும். பூட்டில் ஒரு கீறல் இருக்காது. வீடு வந்து பெட்டியைத் திறக்கும்வரை எதுவும் நடந்ததாகவே தெரியாது.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ரன்னர்களைப் பெட்டியின் உடலோடு சேர்த்துப் பிடிக்கும் உள்ளமைந்த பூட்டு இருந்தால், பேனாவால் திறந்த ஜிப்பை மீண்டும் ஓட்டி மூட முடியாது. களவு நடந்தால் அது உடனே கண்ணில் படும். ஜிப்பே இல்லாமல், சட்டமும் கொக்கிப் பூட்டும் கொண்ட கெட்டிப் பெட்டி இன்னும் மேல். அதன் எடை கூடுதல் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்று இலக்க எண் பூட்டில் மொத்தம் 1,000 எண்கள்தான் உள்ளன. நொடிக்கு ஒன்றாகத் திருப்பிப் பார்த்தாலும் 17 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நான்கு இலக்கமென்றால் பத்து மடங்கு நேரமாகும். புதுப் பெட்டியில் ஆலை வைத்து அனுப்பும் 000 என்ற எண்ணை மாற்றாமலே பயணம் போகிறவர்கள் ஏராளம் என்பதால், முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள்.

அப்படியானால் பூட்டே வேண்டாமா என்றால், வேண்டும் என்பேன். கன்வேயர்களிலும் வண்டிகளிலும் தூக்கி எறியப்படும் பெட்டி தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்கவும், போகிற போக்கில் கை விட்டுத் துழாவுகிறவரை அடுத்த பெட்டியைப் பார்க்கச் செய்யவும், யாரேனும் திறந்திருந்தால் அதை நமக்குக் காட்டிக் கொடுக்கவும் சிறு பூட்டு உதவுகிறது. கடைசியாகச் சொன்ன பயனை கேபிள் டை எனப்படும் பிளாஸ்டிக் பட்டையும் தரும்: அதை வெட்டாமல் திறக்க முடியாது, வெட்டினால் மறைக்க முடியாது. வரிசை எண் பொறித்த பட்டையாக இருந்தால், வெட்டிவிட்டு வேறொன்றைக் கட்டினாலும் தெரிந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் அதை வெட்டுவதற்கு ஒரு நகவெட்டியை அதே பெட்டியின் வெளிப்பையில் போட்டு வைக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள்ளேயே கத்தரிக்கோலை வைத்துவிட்டு விழித்தவர்கள் உண்டு. பெட்டி முழுவதும் சுற்றும் பிளாஸ்டிக் உறையும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் சோதனைக்காக அதை வெட்டினால் யாரும் மறுபடி சுற்றித் தர மாட்டார்கள்.

தொங்கும் பூட்டு பெரிதாக இருந்தால் கன்வேயரில் சிக்கி ரன்னரையே பிய்த்துவிடும்; ஆகவே சிறியதும் ஒட்டினாற்போல் அமைவதுமே நல்லது. சாவி கைப்பையில் இருக்க வேண்டும், இன்னொரு செக்-இன் பெட்டியில் அல்ல. ஒப்படைப்பதற்கு முன் திறந்த நிலையில் ஒரு படமும், பூட்டிய நிலையில் ஒரு படமும் கைபேசியில் எடுத்து வைப்பது, பூட்டைவிடப் பிற்பாடு அதிகம் உதவும். நகை, பணம், கடவுச்சீட்டு, அன்றாட மருந்து, மடிக்கணினி ஆகியவற்றை எந்தப் பூட்டை நம்பியும் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. பவர் பேங்க்கையும் தனியாக உள்ள லித்தியம் பேட்டரிகளையும் தீ அபாயம் காரணமாக அதில் வைக்க விதியே இடம் தருவதில்லை. விமானத்தில் இடம் இல்லை என்று கடைசி நேரத்தில் வாசலிலேயே கைப்பெட்டியை வாங்கிக்கொள்ளும்போதுதான் இவை எல்லாம் மறந்துபோகின்றன. அப்படிக் கேட்டால், கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே நான் அந்தப் பொருள்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கைப்பெட்டியின் மேலாக வைத்துக்கொள்கிறேன்.

களவு போனால் என்ன உரிமை?

1999 மே 28-இல் கையெழுத்தாகி 2003 நவம்பர் 4-இல் நடைமுறைக்கு வந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையே சர்வதேச விமானப் பயணத்தில் இதற்கான சட்டம்; அதில் சேர்ந்த நாடுகளுக்கு இடையிலான பயணத்துக்கு அது பொருந்தும், உள்நாட்டுப் பயணத்துக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவின்படி, செக்-இன் பெட்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த காலத்தில் அழிந்தாலோ, தொலைந்தாலோ, சேதமடைந்தாலோ நிறுவனமே பொறுப்பு. அதன் தவறு என்று பயணி நிரூபிக்க வேண்டியதில்லை. பெட்டியின் உள்ளார்ந்த குறையால் நேர்ந்த சேதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பயணியின் கவனக்குறைவும் இழப்புக்குக் காரணம் என்று நிறுவனம் நிரூபித்தால் அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்க 20-ஆவது பிரிவு இடம் தருகிறது. பூட்டுவதற்கும் படம் எடுப்பதற்கும் சட்ட நோக்கில் உள்ள பயன் இங்கேதான் வருகிறது.

இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. இந்தத் தொகை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இது பெட்டிக்கு இவ்வளவு என்ற கணக்கு அல்ல, பயணிக்கு இவ்வளவு என்பது. அந்தத் தொகை தானாகக் கிடைப்பதும் அல்ல, நிரூபித்த இழப்பு வரைக்கும்தான் கிடைக்கும். பெட்டியில் உள்ளவை அதைவிட மதிப்புள்ளவை என்றால், ஒப்படைக்கும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து, நிறுவனம் கேட்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தி வரம்பை உயர்த்திக்கொள்ள 22-ஆவது பிரிவு வழி செய்கிறது.

உரிமை பறிபோவது பெரும்பாலும் காலக்கெடுவில்தான். புகார் எதுவும் சொல்லாமல் பெட்டியைப் பெற்றுக்கொண்டால், அது நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதற்கு அதுவே முதல்நிலைச் சான்றாகிவிடும் என்கிறது 31-ஆவது பிரிவு. ஆகவே பட்டையோ பூட்டோ அறுந்திருந்தால், கன்வேயர் பெல்ட்டுக்கு அருகிலேயே பெட்டியைத் திறந்து பார்த்து, அங்குள்ள சாமான் உதவி மேசையில் பி.ஐ.ஆர். எனப்படும் அறிக்கையைப் பதிவு செய்து அதன் எண்ணைப் பெற வேண்டும். அதோடு நிற்காமல், பெட்டி கிடைத்த 7 நாள்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்ப வேண்டும். சேதத்துக்கான கெடு அது, உள்ளிருந்து பொருள் களவு போனதற்கும் அதையே கெடுவாகக் கொள்வதுதான் பாதுகாப்பு. பெட்டி தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள்கள். பெட்டி வரவே இல்லை என்றால், வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள்கள் கழிந்ததும் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கோரலாம்.

இரண்டு மூன்று விமானங்கள் மாறி வந்தவர்கள், எந்த இடத்தில் களவு நடந்தது என்று தெரியாமல் யாரிடம் கேட்பது என்று திகைப்பதுண்டு. ஒரே பயண ஒப்பந்தத்தின்கீழ் தொடர்ந்த பயணமாக இருந்தால் முதல் நிறுவனத்திடமோ கடைசி நிறுவனத்திடமோ கேட்க 36-ஆவது பிரிவு உரிமை தருகிறது. எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அமெரிக்காவில் சோதனையின்போதே பொருள் போனது அல்லது உடைந்தது என்று கருதினால், டி.எஸ்.ஏ.விடம் தனியாக 2 ஆண்டுகளுக்குள் கோரிக்கை அளிக்கலாம். பெட்டிக்குள் வைத்த அறிவிப்புச் சீட்டைப் பத்திரப்படுத்துவது அப்போது பயன்படும்.

கோரிக்கையோடு போர்டிங் பாஸ், பெட்டியில் ஒட்டிய சீட்டின் அடிக்கட்டை, பி.ஐ.ஆர். எண், படங்கள், வாங்கிய ரசீதுகள் ஆகியவற்றின் நகலை மட்டும் அனுப்பி, மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றம் செல்வதற்கான கெடு, சேருமிடத்துக்கு விமானம் வந்த அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டுகள். கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அது தானாக நீண்டுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.