சுழற்சி எதையும் தூக்குவதில்லை

உயர்தர வகுப்பில் சுழற்சி இயக்கம் தொடங்கும் நாளில் ஒரு பம்பரமும் சமையலறை டிஜிட்டல் தராசும் என் பையில் இருக்கும். "சேர், சுத்தும்போது பாரம் குறையும்தானே?" என்று ஒரு பிள்ளையாவது கேட்காத வருடம் கிடையாது. தராசுத் தட்டில் பம்பரத்தைச் சுழலவிட்டு, அது தள்ளாடி விழும்வரை எல்லோரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம். நிற்கும்போது 42 கிராம் என்றால் சுழலும்போதும் 42 கிராம்தான்.

அப்படியானால் நூலை இழுத்துவிடும் விசிறிப் பொம்மை எப்படி மேலே போகிறது? மேசையில் சோக் தூளைப் பரப்பி, இரண்டு சாண் உயரத்தில் பொம்மையைப் பிடித்து நூலை இழுத்தால் தூள் நாலா பக்கமும் சிதறும். சாய்ந்த இதழ்கள் காற்றைக் கீழே தள்ளுகின்றன, அந்தக் காற்று பொம்மையை மேலே தள்ளுகிறது. நியூற்றனின் மூன்றாம் விதி இதுதான். 10 கிராம் திணிவும் 7 சென்ரிமீற்றர் ஆரையும் உள்ள பொம்மை அந்தரத்தில் நிற்க, இதழ்களின் ஊடாகக் காற்று நொடிக்கு ஏறத்தாழ 1.6 மீற்றர் வேகத்தில் கீழிறங்கினால் போதும். சின்ன வேலைதான்.

கையால் எறிந்து விளையாடும் பறக்கும் தட்டில் காற்றைக் கீழே திருப்புவது அதன் வளைந்த முதுகும், முன்விளிம்பு சற்று உயர்ந்திருக்கும் சாய்வும். ஐஸ்கிரீம் டப்பா மூடி ஒன்றைச் சுழற்றாமல் வீசிப் பாருங்கள், மூன்று நாலு மீற்றர் போவதற்குள் குப்புற விழும். காற்றின் தூக்கல் மூடியின் நடுவில் விழாமல் கொஞ்சம் முன்னே விழுவதால் முன்பக்கம் கிளம்பிப் புரண்டுவிடுகிறது. அதே மூடியைச் சுழற்றி எறிந்தால் புரட்ட வந்த முறுக்கம் அதைப் புரட்ட முடியாமல் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்க்கிறது. வலக்கைக்காரர் உடம்புக்குக் குறுக்கே கையை மடித்து எறியும் தட்டு, வேகம் குறையும்போது இடப்பக்கம் வளைந்து இறங்குவது இதனால்தான்.

சுழற்சியின் வேலை அச்சை மாறாமல் பிடித்து வைப்பது. தூக்குவது காற்று. வளர்ந்தவர்களும் குழம்பும் இடம் இது, காயம் வருவதும் இதில்தான். "கொஞ்சம் சரிச்சு விட்டாலும் மேல போனதும் நிமிர்ந்திடும்" என்று தகப்பன்மாரே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை திருகோணமலை டச்சு பே கடற்கரையில் கேட்டிருக்கிறேன். நிமிராது. சரித்து விட்ட பொம்மையின் அச்சைச் சுழற்சியே சரிவாகப் பிடித்து வைத்திருக்கும், அது எதிரே நிற்பவரின் முகத்துக்கே போகும். என் மாணவன் ஒருவனின் தங்கச்சிக்கு இப்படித்தான் புருவத்தில் மூன்று தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண்.

இதழ் நுனி நொடிக்கு 40 தரம் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 7 சென்ரிமீற்றர் ஆரையில் அதன் வேகம் மணிக்கு 63 கிலோமீற்றர். இதழ்களைச் சுற்றியுள்ள வளையம் அந்த நுனியை மூடி வைக்கிறது. அதோடு, பாரம் விளிம்பில் இருப்பதால் சுழற்சியையும் நெடுநேரம் காக்கிறது. வளையம் உடைந்த பொம்மையைத் தயவுசெய்து குப்பையில் போட்டுவிடுங்கள். பெரிய பந்து பட்டால் கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு பெரும்பகுதி அடியைத் தாங்கிக்கொள்ளும். ஒல்லியான இதழ் அந்த எலும்பில் படாமல் கண்குழிக்குள்ளேயே நுழைந்துவிடும். அடிபட்ட கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ வேண்டாம். பார்வை மங்கினாலோ கருவிழிக்குள் இரத்தம் தெரிந்தாலோ, வலி குறைந்துவிட்டது என்று இருந்துவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடும்போது நூல் இழுப்பவரின் தலைக்கு மேலே, அச்சு நேராக நிற்கும்படி பிடியுங்கள். சுற்றி நிற்கும் பிள்ளைகளை நாலைந்து எட்டு பின்னே நிறுத்துங்கள்.

இறப்பர் பட்டியால் வானத்துக்கு எய்யும் லைட் பொம்மைக்கும் இதே கதைதான். ஏறும்போது அது வெறும் கல். இறங்கும்போது கீழிருந்து மோதும் காற்று இறக்கைகளைச் சுழற்ற, மகோகனி விதைபோல மெதுவாக வருகிறது. இருட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடும் பிள்ளைக்குக் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

இன்னொன்று கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று. அச்சைப் பிடித்து வைக்கும் சுழற்சியால் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ பொம்மையும் அந்தப் பக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் கரையில் கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கடலும் அப்போது அமைதியாகக் கிடப்பதால் யாருக்கும் பயம் வராது. தட்டைக் கரையோரமாகவே எறியச் சொல்லுங்கள், கடல் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நில்லுங்கள். கடலில் விழுந்த தட்டு மிதக்கும். எட்டினால் பிடித்துவிடலாம் என்பதுபோல ஒரு முழம் முன்னாலேயே காற்றில் நகர்ந்துகொண்டிருக்கும், பிள்ளையும் இடுப்பளவு, மார்பளவு என்று பின்னாலேயே போகும். தட்டு போனால் போகட்டும், பிள்ளையைக் கூப்பிட்டுக் கரையேற்றுங்கள்.