லினக்ஸ் போட்டாச்சு, நெட் எங்கே?

லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி முடித்துக் கணினியை மறுபடி இயக்குகிறீர்கள். திரை பளிச்சென்று வருகிறது, பாட்டு கேட்கிறது, டச்பேட் கூட வேலை செய்கிறது. வைஃபை சின்னத்தை மட்டும் காணோம். வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். இறக்குவதற்கு இணையம் வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

முதலில் இந்த முடிச்சை அவிழ்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் இணையத்தைக் கணினியோடு பகிரும் யுஎஸ்பி டெதரிங்கை அதன் அமைப்புகளில் இயக்குங்கள். லினக்ஸ் அந்தப் போனை கம்பிவழி இணையத்துக்கான ஒரு ஈதர்நெட் கார்டாகவே பார்க்கும். அதற்கான டிரைவர், லினக்ஸின் மையக்கருவான கெர்னலோடு பெரும்பாலும் வந்துவிடுவதால் தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. தற்காலிக இணையம் கிடைத்துவிட்டதா? சரி, இனி நிதானமாகத் தேடலாம்.

'நெட் வரவில்லை' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் ஒரு வலைப்பக்கம் திறக்கும் முன் பல வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. கெர்னல் கார்டை அடையாளம் காண வேண்டும், கார்டு ரவுட்டரோடு இணைய வேண்டும், ரவுட்டர் ஓர் ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியின் அடையாள எண்) தர வேண்டும், தளத்தின் பெயர் எண்ணாக மாற வேண்டும். கீழ்ப்படி ஆடினால் மேலே உள்ள அத்தனையும் ஆடும். அதனால் கீழிருந்து பார்த்துக்கொண்டு வருவதுதான் முறை. பலரும் உலாவியை நோண்டுவதில் தொடங்குகிறார்கள். அது கடைசிப் படி.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' தெரிவோடு கொடுத்தால், கணினிக்குள் இருக்கும் கார்டுகளும் ஒவ்வொன்றையும் எந்த டிரைவர் கவனிக்கிறது என்பதும் தெரியும். வைஃபை கார்டின் பெயர் வருகிறது, டிரைவர் வரி மட்டும் இல்லை என்றால் கோளாறு அங்கேதான். கார்டு புதிது, கெர்னல் பழையது என்றால் இப்படி நடக்கும். புதிய கெர்னலுக்கு மாறினாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

டிரைவர் இருந்தும் கார்டு எழுந்திருக்காத நிலைமை இன்னும் சுவாரசியமானது. வைஃபை கார்டு என்பதே ஒரு குட்டிக் கணினி. அதற்குள் ஓட வேண்டிய நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். பெரும்பாலான கார்டுகளில் அது நிரந்தரமாகத் தங்குவதில்லை; ஒவ்வொரு முறை கணினி இயங்கத் தொடங்கும்போதும் டிரைவர் வட்டிலிருந்து எடுத்து ஊட்டிவிட வேண்டும். இந்தக் கோப்புகளின் மூலநிரலைக் கார்டு தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தருவதில்லை. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியாக இருந்த டெபியன் என்ற லினக்ஸ் வகை, அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமலே பல ஆண்டுகள் வைத்திருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்ற, 2023இல் வந்த டெபியன் 12 முதல் அவை நிறுவியிலேயே இருக்கின்றன. கொள்கையை விட்டுக்கொடுத்ததாகச் சிலருக்கு வருத்தம் உண்டு. வைஃபை இல்லாமல் தவித்தவன் என்ற முறையில் என் வாக்கு மாற்றத்துக்கே. எந்தக் கோப்பு இல்லை என்பதை ஊகிக்கவும் வேண்டாம்: டிஎம்ஈஎஸ்ஜி கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் அதன் பெயரே இருக்கும்.

நம்பகமான மென்பொருளை மட்டுமே இயங்கவிடும் செக்யூர் பூட் உள்ள கணினியில் இன்னொரு சிக்கல். நம்பகமான டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. தனியாக ஒரு டிரைவரை நிறுவிய பின் மறுபடி இயக்கும்போது ஒரு நீலத் திரை வந்து, கையொப்பத்தைச் சரிபார்க்கும் புதிய சாவியைப் பதியட்டுமா என்று கேட்கும். அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டால் டிரைவர் இருந்தும் பயனில்லை.

அப்புறம், ஆர்எஃப்கில் கட்டளையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வைஃபை அலைவரிசை மென்பொருளால் தடுக்கப்பட்டிருக்கிறதா, பொத்தானால் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். ஒரு மாலை முழுவதும் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, மடிக்கணினியின் ஓரத்திலிருந்த வைஃபை சுவிட்சை நானே அணைத்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

ரவுட்டரோடு இணைந்துவிட்டால் அடுத்தது முகவரி. 'ஐபி ஏ' கட்டளையில் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் எண் வந்தால் பெரும்பாலும் நலம். எண்ணே இல்லை, அல்லது 169.254 என்று தொடங்குகிறது என்றால், கணினி முகவரி கேட்டும் யாரும் பதில் தரவில்லை என்று பொருள். கடவுச்சொல்லையும் ரவுட்டரையும் பாருங்கள்.

இனி ஓர் அழகான சோதனை. இணையத்திலுள்ள ஒரு பொதுச் சர்வரின் எண்ணான 1.1.1.1க்கு, பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் தளத்தின் பெயருக்குக் கொடுத்தால் வரவில்லை என்றால், பாதை நன்றாக இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. உடனே டிஎன்எஸ் அமைப்பு எழுதியிருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து, 127.0.0.53 என்ற விசித்திரமான எண்ணைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் அது இயல்பு. கணினிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய டிஎன்எஸ் உதவியாளரின் முகவரி அது. அந்த உதவியாளர் வெளியே யாரிடம் கேட்கிறார் என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும். மாற்ற வேண்டியதும் அந்த உதவியாளரின் அமைப்பைத்தான், ரிசால்வ்.கான்ஃபை அல்ல. சில வலையமைப்புகள் பிங்கையே தடுத்துவைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எல்லாப் படியும் சரி, பெயருக்கும் பதில் வருகிறது, ஆனால் உலாவி மட்டும் எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்கிறதா? திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி பல ஆண்டுகள் பின்னால் நின்றிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. அந்தக் கணினியின் கணக்கில் அவை இன்னும் வழங்கப்படவே இல்லை. தேதியைத் திருத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினால் திறந்துகொள்ளும்.