உங்கள் சொத்து வரியில் டவுன்டவுன் பங்கு: மிச்சிகனின் டி.டி.ஏ. பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

மிச்சிகன் மாநிலத்தில் வீடோ கடையோ வைத்திருப்பவர்களுக்குச் சொத்து வரி பில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும், கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று. நகரத்துக்கு இவ்வளவு, கவுண்டிக்கு இவ்வளவு, நூலகத்துக்கு, கம்யூனிட்டி கல்லூரிக்கு, பள்ளிக்கு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஆனால் உங்கள் சொத்து ஒரு டவுன்டவுன் வட்டாரத்துக்குள் இருந்தால், பில்லில் கவுண்டி பேரில் இருக்கும் தொகையில் ஒரு பகுதி கவுண்டியின் கைக்குப் போகாது. அதை வாங்கிக்கொள்வது டவுன்டவுன் மேம்பாட்டு ஆணையம், சுருக்கமாக டி.டி.ஏ. பெரும்பாலான பில்களில் அதன் பெயர்கூட இருக்காது.

ட்ராய், கேன்டன், ஃபார்மிங்டன் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. மூன்று ஊர்களிலும் டி.டி.ஏ. உண்டு. ஆனாலும் இது என்ன அமைப்பு என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. நடைபாதையில் பூந்தொட்டி வைப்பவர்கள் என்பார்கள். பூந்தொட்டியும் வைப்பார்கள்தான்.

இதற்கான சட்டம் 1975-ன் 197-ஆம் எண் சட்டம். அந்தக் காலத்தில் நகர மையங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. நெடுஞ்சாலை வந்தது, மக்கள் புறநகருக்குப் போனார்கள், கடைகளும் பின்னாலேயே போயின. டெட்ராய்டின் பெருமையாக இருந்த ஹட்சன்ஸ் நிறுவனமே 1954-ல் சவுத்ஃபீல்டில் நார்த்லேண்ட் மாலைத் திறந்தது. டவுன்டவுனில் இருந்த அதன் பெரிய கடை 1983-ல் மூடப்பட்டது. இப்படிச் சரியும் கடைத்தெருவைத் தூக்கி நிறுத்த ஊருக்கு ஒரு கருவி வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். பிறகு இதுபோன்ற பல சட்டங்களை ஒன்றாகத் தொகுத்து 2018-ன் 57-ஆம் எண் சட்டமாக்கினார்கள். 2019 ஜனவரி 1 முதல் அதுதான் நடப்பில் இருக்கிறது.

நகரம், கிராமம், டவுன்ஷிப் எதுவானாலும் டி.டி.ஏ. அமைக்கலாம். ஆட்சி மன்றம் தீர்மானம் போட்டு, எல்லையைக் குறித்து, பொது விசாரணை நடத்தி, அதன்பின் 60 நாளாவது பொறுத்து உள்ளூர்ச் சட்டம் இயற்ற வேண்டும். வாக்கெடுப்பு கட்டாயமில்லை. நிர்வாகக் குழுவில் மேயர் அல்லது நகர நிர்வாகத் தலைவரோடு 8 முதல் 12 பேர் வரை இருப்பார்கள். இவர்களில் பெரும்பான்மையினருக்கு அந்த வட்டாரத்தில் சொத்தில் பங்கு இருக்க வேண்டும், அல்லது அப்படிச் சொத்துள்ள நிறுவனத்தில் அவர்கள் வேலையிலாவது இருக்க வேண்டும். வட்டாரத்துக்குள் 100 பேராவது குடியிருந்தால், குடியிருப்பவர் ஒருவரையாவது சேர்க்க வேண்டும். பதவிக்காலம் 4 ஆண்டு, சம்பளம் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் அல்ல. மேயர் நியமிக்க, மன்றம் ஒப்புதல் தரும். ஆக, பொதுப் பணத்தைச் செலவு செய்யும் குழுவில் அந்தச் செலவால் சொத்து மதிப்பு ஏறக்கூடியவர்களுக்கே பெரும்பான்மை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கடைத்தெருவின் கஷ்டம் கடைக்காரருக்குத்தான் தெரியும் என்பது அதன் நியாயம். எனக்கு அதில் பாதி ஒப்புதல்தான்.

டிஃப் என்ற கணக்கு

டி.டி.ஏ.வுக்குப் பல வழிகளில் பணம் வரலாம். ஆனால் பெரும்பாலான ஊர்களில் வருமானத்தின் முதுகெலும்பு டிஃப் எனப்படும் வரி வளர்ச்சி முறை. இது புதிய வரி அல்ல. யாருடைய வரி விகிதமும் இதனால் ஏறாது. ஏற்கெனவே வசூலாகும் வரி போய்ச் சேரும் இடம் மட்டும் மாறுகிறது.

திட்டம் தொடங்கும் ஆண்டில் வட்டாரத்துச் சொத்துகளின் மொத்த வரி மதிப்பை அடிப்படை மதிப்பாக உறைய வைத்துவிடுவார்கள். ஒரு கற்பனை ஊரில் அது 1 கோடி டாலர் என்று வையுங்கள். சில ஆண்டுகளில் மதிப்பு 2.5 கோடி டாலராகிறது. அடிப்படை 1 கோடிக்கான வரி வழக்கம்போல நகரம், கவுண்டி, கல்லூரி எல்லோருக்கும் பிரியும். ஏறிய 1.5 கோடிக்கான வரி டி.டி.ஏ.வுக்கு.

இங்கே வரியை மில் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்றால் 1,000 டாலர் வரி மதிப்புக்கு 1 டாலர். நம் ஊரில் நகரத்துக்கு 15 மில், கவுண்டிக்கு 6, கல்லூரிக்கு 3, நூலகத்துக்கு 2, மொத்தம் 26 மில் என்றால், 1.5 கோடிக்கு ஆண்டுக்கு 3,90,000 டாலர் டி.டி.ஏ.வுக்குப் போகும். அதில் 2,25,000 நகரத்துக்குப் போயிருக்க வேண்டியது, 90,000 கவுண்டிக்கு, 45,000 கல்லூரிக்கு, 30,000 நூலகத்துக்கு.

டி.டி.ஏ. நடைபாதை போட்டதால், விளக்கு வைத்ததால்தான் மதிப்பு ஏறியது என்றால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த 1.5 கோடியே அவர்களால் வந்தது, அதன் வரியை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. விலைவாசியால் ஏறியது, எப்படியும் வந்திருக்கக்கூடிய ஓட்டலால் ஏறியது, பக்கத்துப் பல்கலைக்கழகம் வளர்ந்ததால் ஏறியது, எல்லாமே ஒரே கணக்குதான். மிச்சிகனில் இன்னொரு கூத்தும் உண்டு. 1994-ல் வாக்காளர்கள் ஏற்ற புரபோசல் ஏ என்ற வரித் திருத்தத்தின்படி, ஒரே உரிமையாளரிடம் இருக்கும் வரை சொத்தின் வரி மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது பணவீக்கம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. கை மாறினால் உச்சவரம்பு போய், சந்தை விலையில் பாதி என்ற நிலைக்குத் தாவும். முப்பது ஆண்டு ஒருவர் வைத்திருந்த கடையை வெளியாளுக்கு விற்றால், ஒரு செங்கல் கூட வைக்காமலேயே டி.டி.ஏ.வின் வருமானம் ஏறிவிடும்.

இறங்குவதும் நடக்கும். 2008-க்குப் பிறகு மிச்சிகனில் சொத்து மதிப்பு சரிந்தபோது டிஃப் வருமானமும் கூடவே சரிந்தது. மதிப்பு அடிப்படைக்குக் கீழே போனால் டி.டி.ஏ.வுக்குக் கிடைப்பது பூஜ்யம்.

யார் தப்பிக்கலாம்

எல்லா வரியையும் இப்படிப் பிடித்துவிட முடியாது. 1994-ல் பள்ளிகளுக்கான நிதி பெருமளவு மாநிலத்தின் பொறுப்பானபோது, மாநிலக் கல்வி வரியும் உள்ளூர்ப் பள்ளிச் செயல்பாட்டு வரியும் டிஃப்பிலிருந்து விலக்கப்பட்டன; பழைய கடன் பாக்கி இருந்த இடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. டெட்ராய்ட் உயிரியல் பூங்காவுக்கும் கலைக் கழகத்துக்கும் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட வரிகளைத் தொட முடியாது. 2016-க்குப் பிறகு வாக்காளர்கள் புதிதாக அனுமதித்த நூலக வரியை, நூலகம் சம்மதித்தால் மட்டுமே பிடிக்கலாம்.

கவுண்டி, கல்லூரி போன்றவற்றுக்கு விலகும் உரிமை இருக்கிறது. பொது விசாரணை முடிந்து 60 நாளுக்குள் தீர்மானம் போட்டு, எங்கள் வரியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் 1994 பிப்ரவரி 15-க்குப் பிறகு புதிதாக அமைந்த அல்லது எல்லையை விரித்த வட்டாரங்களுக்குத்தான் இது செல்லும். அதற்கு முன்பே அமைந்த டி.டி.ஏ.க்களில் இந்தக் கதவு மூடியே இருக்கிறது. அதனால் உங்கள் ஊர் டி.டி.ஏ. எந்த ஆண்டில் தொடங்கியது என்பது முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மன்றத்தின் ஒப்புதலோடு வட்டாரத்துச் சொத்துகள் மீது 2 மில் வரை தனி வரி போடலாம் (10 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரத்தில் 1 மில்). இது பில்லில் தெரியும். நன்கொடை, மானியம், சொந்தக் கட்டடத்தின் வாடகை, பார்க்கிங் கட்டணம் இவையும் உண்டு. அப்புறம் கடன் பத்திரம். வரப்போகும் டிஃப் வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்கி, இன்றைக்கே பார்க்கிங் கட்டடம் கட்டிவிடுவார்கள். அந்தக் கடனுக்கு நகரம் உத்தரவாதம் கொடுத்திருந்தால், வருமானம் குறையும் ஆண்டில் சுமை நகரத்தின் பொதுக் கணக்கில் விழும்.

எதற்குச் செலவு செய்யலாம்

டி.டி.ஏ. நினைத்ததற்கெல்லாம் செலவு செய்ய முடியாது. மேம்பாட்டுத் திட்டம், டிஃப் திட்டம் என்று இரண்டு ஆவணங்கள் இருக்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டு என்று அவற்றில் இருக்க வேண்டும். பொது விசாரணைக்குப் பின் மன்றம் ஏற்க வேண்டும். விசாரணைக்குக் குறைந்தது 20 நாள் முன்பே வட்டாரத்துச் சொத்து வரி கட்டுவோருக்குத் தபாலில் அறிவிப்பு வரும். விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆண்டு பட்ஜெட்டையும் மன்றம் ஒப்புக்கொண்ட பிறகே குழு நிறைவேற்ற முடியும்.

தெரு, நடைபாதை, விளக்கு, பார்க்கிங், பூங்கா, நிலம் வாங்குதல், பழைய கட்டடத்தைச் சீரமைக்கக் கடன், வட்டாரத்துக்கான விளம்பரம் எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவையே. திட்டத்துக்குத் தேவைப்படாமல் மிஞ்சும் டிஃப் பணம், எடுத்த விகிதத்திலேயே கவுண்டிக்கும் கல்லூரிக்கும் மற்றவர்களுக்கும் திரும்ப வேண்டும். ஆனால் பட்டியலில் அடுத்த வேலை ஒன்று இருந்துகொண்டே இருந்தால் மிச்சம் என்று எதுவும் இருக்காது, இல்லையா?

ஆன் ஆர்பர் நகரத்தின் டி.டி.ஏ. 1982-ல் 30 ஆண்டுத் திட்டத்தோடு தொடங்கியது. அது முடியுமுன்பே, 2003-ல், 2033 வரை நீட்டிவிட்டார்கள். அங்கே நகரத்தின் பொதுப் பார்க்கிங்கை நடத்துவதும் டி.டி.ஏ.தான், பார்க்கிங் மொத்த வசூலில் 17 சதவீதம் நகரத்துக்கு என்று 2011-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதே 2011-ல் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. டி.டி.ஏ. எவ்வளவு வளர்ச்சியைப் பிடிக்கலாம் என்பதற்கு நகரச் சட்டத்திலேயே ஓர் உச்சவரம்பு இருந்தது. ஆண்டுக்கணக்கில் அதை யாரும் பயன்படுத்தவே இல்லை. எப்படிக் கணக்கிடுவது என்று பெரிய வாக்குவாதம் நடந்து, 2013-ல் மன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. நூலகம், கவுண்டி, கல்லூரி மூன்றுக்கும் இதில் பங்கு இருந்தது. விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, யாராவது எடுத்துப் படிக்கவும் வேண்டும்.

டெட்ராய்ட் கதை வேறு அளவு. லிட்டில் சீசர்ஸ் அரீனா 2017 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அரங்கத்தின் சொந்தக்காரர் டெட்ராய்ட் டி.டி.ஏ.; நடத்துவது ஹாக்கி அணியின் உரிமையாளர்களான இலிட்ச் குடும்பத்தின் நிறுவனம். அரங்கத்தின் பெயருரிமை வருமானமும் நடத்துபவருக்கே. பொதுப் பணம் எப்படி வந்தது? 2012-ல் மாநிலம் சட்டத்தைத் திருத்தி, 6 லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரத்தில் குறைந்தது 30 கோடி டாலர் முதலீடு வரும் ஒரே ஒரு திட்டத்துக்காகப் பள்ளி வரியையும் பிடித்துக்கொள்ளலாம் என்றது. அந்த அளவு மக்கள்தொகை உள்ள நகரம் மிச்சிகனில் ஒன்றுதான். 2013 ஜூலை 18 அன்று டெட்ராய்ட் திவால் மனு போட்டது. அடுத்த வாரமே மாநிலத்தின் நிதி வாரியம் அரங்கத் திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டியது. 2014-ல் வெளியிட்ட 45 கோடி டாலர் கடன் பத்திரத்தில் 25 கோடியை டி.டி.ஏ.வின் டிஃப் வருமானம் அடைக்கும் என்று ஏற்பாடு. கூடைப்பந்து அணியும் அங்கே வருவதற்காக 2017-ல் இன்னும் 3.45 கோடி சேர்ந்தது.

பள்ளி வரி போனால் டெட்ராய்ட் குழந்தைகளுக்கு நஷ்டமா? ஆதரித்தவர்கள் சொன்ன பதில்: மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்ற தொகையை மாநிலம் தன் பள்ளி நிதியிலிருந்து ஈடுகட்டிவிடும். அது உண்மைதான். ஆனால் அந்த ஈடு மிச்சிகன் முழுவதும் உள்ளவர்கள் கட்டும் வரியிலிருந்து வருகிறது. கிராண்ட் ராப்பிட்ஸில் இருப்பவரும் அந்த ஹாக்கி அரங்கத்துக்கு ஒரு சிறு பங்கு கட்டுகிறார், அவரிடம் யாரும் கேட்கவில்லை. பள்ளி வரியை வாக்கெடுப்பு இல்லாமல் திருப்பியது செல்லாது என்று 2017-ல் வழக்கே போட்டார்கள். கட்டுமானம் அதற்காக நிற்கவில்லை.

மாநிலங்களிலேயே டிஃப் முறையை முதலில் தொடங்கிய கலிஃபோர்னியா, 1952-லிருந்து நடத்திவிட்டு, பள்ளிகளின் இழப்பை மாநிலம் ஈடுகட்டிக் கட்டுப்படியாகாமல், ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காலத்தில் தன் மறுமேம்பாட்டு முகமைகள் சுமார் 400-ஐயும் 2012 பிப்ரவரி 1 அன்று கலைத்துவிட்டது. மிச்சிகன் அந்த வழிக்குப் போகவில்லை, கண்காணிப்பைக் கூட்டியது.

2018 சட்டத்தில் அதற்கான ஏற்பாடுகள் இருக்கின்றன. கூட்டக் குறிப்பு, பட்ஜெட், தணிக்கை, திட்ட ஆவணங்கள், ஒப்பந்தங்களை இணையத்தில் போட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தகவல் கூட்டங்கள் கட்டாயம். எவ்வளவு டிஃப் பணம் வந்தது, எதற்குப் போனது, செலவாகாமல் எவ்வளவு இருக்கிறது, ஏன் என்று மாநிலக் கருவூலத்துக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். கருவூலம் எச்சரித்தும் திருந்தாத ஆணையம், வாங்கிய கடனை அடைக்கத் தேவையானதற்கு மேல் வரியைப் பிடிக்க முடியாது.

தகவல் கூட்டத்துக்குப் பொதுவாகக் கூட்டம் சேராது. நிதானமாகக் கேள்வி கேட்க அதுவே வசதி. அடிப்படை மதிப்பு எந்த ஆண்டுடையது, இப்போது பிடிக்கும் மதிப்பில் புதுக் கட்டடத்தால் வந்தது எவ்வளவு, விலைவாசியால் வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். திட்டம் எந்த ஆண்டில் முடிகிறது, நீட்டிக்கப் போகிறார்களா என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியைத் திட்டம் முடிய நாலைந்து ஆண்டு இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது, புதுக் கடன் பத்திரம் ஒன்று வெளியாகிவிட்டால் அது அடையும் வரை நிறுத்துவது எளிதல்ல.