சிறுநீர்ச் சோதனைப் பட்டையும் மூன்று நொதிகளும்

அக்னி நட்சத்திர நாட்களில் சென்னையில் ஒரு குழந்தை சிறுநீர் கழிக்கும்போது வீறிட்டு அழுதால், வீட்டுப் பெரியவர்கள் அதை உடம்புச் சூடு என்று சொல்லி இளநீரோ நீர்மோரோ கொடுப்பது வழக்கம். வெறும் நீர்க்கடுப்பு என்றால் அதில் தணியக்கூடும். ஆனால் சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால், சிறுநீர்த் தொற்றாக இருக்குமோ என்று மருத்துவர் முதலில் கேட்பது குழந்தையின் சிறுநீரைத்தான். எங்கே எரிகிறது என்று கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்கு 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், அதற்கு முன்பே துப்புத் தருகிற நொதிகளை மருத்துவர்கள் நாடுகிறார்கள்.

முதல் நொதி குழந்தையின் உடலுக்கே உரியது. கிருமியை எதிர்க்க வரும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் எஸ்டரேஸ் என்னும் நொதியைச் சுமந்து வருகின்றன. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையின் ஒரு கட்டத்தில் எஸ்டர் சேர்மம் ஒன்றும் டயசோனியம் உப்பும் ஊறியிருக்கும். நொதி எஸ்டரை வெட்டியதும் விடுபடும் மூலக்கூறு அந்த உப்போடு இணைந்து, சுமார் 2 நிமிடத்தில் ஊதா நிறம் காட்டுகிறது. வெயிலில் நேரம் கடந்த மாதிரியில் வெள்ளணுக்கள் உடைந்து நுண்ணோக்கிக்குத் தென்படாமல் போனாலும், அவற்றிலிருந்து வெளிப்பட்ட நொதி பட்டையில் சிக்கிவிடும் என்பது இதன் தனிச் சிறப்பு. ஆயினும் வெள்ளணு வந்திருக்கிறது என்றுதான் அது சொல்லும். எதற்காக வந்தது என்று சொல்லாது.

இரண்டாவது நொதி கிருமியினுடையது. இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ. கோலை, தன்னிடமுள்ள நைட்ரேட் ரிடக்டேஸ் நொதியால், உணவின் வழியே சிறுநீரில் சேரும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகிறது. பட்டை அந்த நைட்ரைட்டை இளஞ்சிவப்பு நிறமாகக் காட்டுகிறது. இதன் அடிப்படை வேதிவினையை 1879-இல் விவரித்த பீட்டர் கிரீஸ், இங்கிலாந்தில் ஒரு பியர் ஆலையில் வேதியியலாளராக இருந்தவர்.

இங்கேதான் குழந்தைகளுக்கான சிக்கல். இந்த மாற்றம் நிகழச் சிறுநீர் ஏறக்குறைய 4 மணி நேரம் சிறுநீர்ப்பையில் தங்க வேண்டும். கைக்குழந்தையோ அடிக்கடி துணியை நனைத்துக்கொண்டே இருக்கும். 2011-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தொற்று உள்ள 100 குழந்தைகளில் நைட்ரைட் சோதனை கண்டுபிடிப்பது 53 பேரை மட்டுமே. எஸ்டரேஸ் 83 பேரைக் கண்டுபிடிக்கும். தொற்று இல்லாத 100 பேரில் நைட்ரைட் 98 பேரைச் சரியாக விலக்கிவிடுகிறது, எஸ்டரேஸ் 78 பேரை. ஆகவே நிறம் ஏறினால் நைட்ரைட்டை நம்பலாம்; ஏறவில்லை என்பதற்காகக் கைக்குழந்தைக்குத் தொற்றே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. என்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகளுக்கு நைட்ரேட்டை மாற்றும் திறனே கிடையாது.

சென்னையின் ஈரக் காற்றுக்கும் இதில் பங்குண்டு. மூடி திறந்தே கிடக்கும் புட்டியிலுள்ள பட்டைகள் காற்றுப் பட்டுக் கெட்டு, நைட்ரைட் இல்லாதபோதும் நிறம் காட்டக்கூடும். நேர்மாறாக, வைட்டமின் சி மாத்திரையை மிட்டாய்போல் சப்பும் குழந்தையின் சிறுநீரில் உண்மையான நிறம் மங்கிப்போகலாம். வீட்டில் பிடித்த மாதிரியைப் போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுமந்து சென்றால், ஓரிரு கிருமிகளும் பெருகிக் கல்ச்சர் முடிவையே குழப்பிவிடும். உடனே கொடுக்க முடியாதபோது அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும்.

மூன்றாவது நொதி விடை தேடுவது வேறொரு கேள்விக்கு: தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றதா, சிறுநீரகம் வரை ஏறிவிட்டதா? என்-அசிடைல் குளுக்கோசமினிடேஸ், சுருக்கமாக நாக் (NAG) எனப்படும் இந்த நொதி, சிறுநீரக நுண்குழல்களின் செல்களுக்குள் இருப்பது. இதன் மூலக்கூறு மிகப் பெரியதாகையால் இரத்தத்திலிருந்து சிறுநீரகத்தின் வடிகட்டி வழியே சிறுநீருக்குள் நுழைய முடியாது. எனவே சிறுநீரில் இதன் அளவு உயர்ந்தால், நுண்குழல் செல்கள் சேதமடைந்துள்ளன என்று பொருள். குழந்தை குடித்த தண்ணீரைப் பொறுத்துச் சிறுநீரின் அடர்த்தி மாறுவதால், சிறுநீரில் ஏறக்குறையச் சீராக வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினினோடு ஒப்பிட்டே இதைக் கணக்கிடுகிறார்கள். ஆயினும் சிறுநீரகத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் ஜென்டாமைசின் மருந்தே நுண்குழல்களைத் தாக்கி இந்த அளவை உயர்த்தக்கூடும் என்பதால், சிகிச்சை தொடங்கிய பிறகு எடுத்த மாதிரியில் உயர்வுக்குக் காரணம் கிருமியா மருந்தா என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.